ஸ்டீயரிங் ஆடுதா? ரேக்கைக் கழற்றாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஏதுப்பா ஸ்போர்ட்ஸ் கார் என்று சிரிக்காதீர்கள். சோழவரம் ஏர் ஸ்ட்ரிப்பில் ரேஸ் நடந்த காலத்தில் சென்னையிலிருந்து போகிற வண்டிக்கு வடக்கே போகிற ஜி.என்.டி. ரோடு, அதாவது கிராண்ட் நார்தர்ன் ட்ரங்க் ரோடுதான் வழி, அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னமும் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை வைத்துப் பேசுகிறேன். 1962ல் இங்கிலாந்தில் வந்த இரண்டு சீட்டு வண்டி. இதை ஏன் எடுத்தேன் என்றால், அதன் முன்பக்கம் நமக்குப் புதுசு இல்லை. 1961லிருந்து நம்ம மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓடி வந்தது இல்லையா, அந்த ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனையும் ரேக் ஸ்டீயரிங்கையும் அடிப்படையாக வைத்துத்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ரேக் என்றால் பல் வெட்டிய ஒரு கம்பி, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது இடம் வலமாக நகர்ந்து வீலைத் திருப்பும். ஹெரால்டில் கை வைத்த பழைய மெக்கானிக் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவரை விடாதீர்கள்.

சரி, விஷயம். "அண்ணே, ஸ்டீயரிங் லூசா இருக்கு" என்று வருவார்கள். லூசு என்றால் எப்படி லூசு? ஸ்டீயரிங்கை அசைத்தால் கொஞ்ச தூரம் சும்மா போய்விட்டு அப்புறம்தான் வீல் திரும்புகிறதா, நேராகப் பிடித்தாலும் வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைகிறதா, இல்லை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கை உதறுகிறதா? மூன்றும் வேறு வேறு நோய். உதறல் என்றால் முதலில் வீல் பேலன்ஸையும் ரிம் கோணலையும் பாருங்கள். அலைகிறது என்றால் டயர். பழைய கார் மாதம் ஒரு முறை வெளியே வரும், டயரில் பட்டன், அதாவது தரையில் படுகிற வெட்டு, அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் கட்டையாகிப் போயிருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு எண் அச்சடித்திருக்கும், 2314 என்று இருந்தால் 2014ம் வருஷம் 23வது வாரம் செய்தது. அதைப் படிக்காமல், காற்றையும் பார்க்காமல் ஸ்டீயரிங்கைக் குறை சொல்லாதீர்கள்.

அலைச்சலுக்கு இன்னொரு காரணம் பின்பக்கம். ஸ்பிட்ஃபயரில் பின் வீலை முன்னே பின்னே போகாமல் பிடித்திருக்கிற ரேடியஸ் ராடு ஒன்று உண்டு, அதன் ரப்பர் புஷ் செத்துவிட்டால் ஆக்சிலேட்டரை விடும்போது ஒரு பக்கம், மிதிக்கும்போது இன்னொரு பக்கம் என்று பின் வீலே வண்டியைத் திருப்பும். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங் போச்சு என்று சத்தியம் செய்வார்.

நிஜமான ஆட்டம், அதாவது சும்மா போகிற பிளே, அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் துணை வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றாதீர்கள். நாலு வீலும் தரையில் இருக்கட்டும், வீலின் மேல் வெயிட் இருந்தால்தான் தேய்ந்த ஜாயிண்ட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பையனை சீட்டில் உட்கார வைத்து ஸ்டீயரிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லுங்கள், முழுக்கத் திருப்ப வேண்டாம். ரேக் வண்டியில் ஸ்டீயரிங் விளிம்பு சும்மா போகிற தூரம் அரை அங்குலத்தைத் தாண்டினால் எங்கேயோ தேய்மானம் இருக்கிறது. பியட் மாதிரி ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்த வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஸ்பிட்ஃபயரில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும், மொத்த ஸ்டீயரிங்கும் கண் முன்னால். ஹெரால்டிலும் இப்படித்தான், ஆனால் பெரும்பாலான வண்டிகளில் இந்த சுகம் கிடைக்காது. பையன் அசைத்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வையுங்கள். இரண்டு பாகம் சேருகிற இடத்தில் விரல் இரண்டிலும் பட வேண்டும். ஒன்று அசைந்து மற்றொன்று அசையாமல் நின்றால் அதுதான் இடம். ஆடுகிற பல்லை நாக்கு கண்டுபிடிக்கிற மாதிரி விரல் கண்டுபிடித்துவிடும்.

மேலிருந்து வாருங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்குகிற தண்டுக்குக் காலம் (column) என்று பெயர், அதைப் பிடித்திருக்கிற புஷ் தேய்ந்தால் ஸ்டீயரிங் மேலும் கீழும்கூட ஆடும். அப்புறம் காலமும் ரேக்கும் சேருகிற கப்ளிங், அதன் ரப்பரும் போல்ட்டும். அதற்கடுத்து ரேக்கையே பாருங்கள், உள்ளே இல்லை, வெளியே. ரேக்கை சேஸிஸோடு பிடித்திருப்பது இரண்டு யூ போல்ட், அடியில் ரப்பர். எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி அந்த ரப்பர் ஊறிக் கொழகொழவென்று ஆகியிருக்கும். அசைக்கிற ஒவ்வொரு முறையும் ரேக் முழுசாக இடம் வலம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரேக் போயிடுச்சு, மாத்தணும் என்று ஆயிரக்கணக்கில் செலவு வைப்பார்கள், போயிருப்பது ரப்பர்.

ரேக் உள்ளேயும் தேயும், இல்லை என்று சொல்லவில்லை. அதிலும் நேராக ஓடும்போது கடிக்கிற நடுப்பற்கள்தான் முதலில் தேயும். ரேக்கின் பல்லைக் கடித்து நகர்த்துகிற சின்னப் பல்சக்கரம்தான் பினியன், ரேக்கை அதோடு அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு பிளஞ்சர் உண்டு, மூடிக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு இருக்கும். ஷிம்மை எடுத்து நடுவில் ஆட்டம் போகிற அளவுக்கு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நடு சரியாகிவிடும், ஆனால் தேயாத ஓரப்பற்களுக்கு வரும்போது ஸ்டீயரிங் இறுகி, வளைவில் திரும்பினது திரும்பினபடி நிற்கும். மூலக்கடை திருப்பத்தில் கண்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி ஜாக்கியில் ஏற்றலாம், ஸ்டாண்டும் வையுங்கள், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். வீலை இடது வலதாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், அதாவது ரேக்கிலிருந்து வீலுக்குப் போகிற கம்பியின் முனை ஜாயிண்ட், தேய்ந்திருந்தால் தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் இரண்டு சந்தேகம், வீல் பேரிங்கா, சஸ்பென்ஷன் ஜாயிண்டா? பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் மேலே பால் ஜாயிண்ட், கீழே ட்ரனியன்.

இந்த ட்ரனியனுக்காகவே இன்றைக்கு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் வீலைத் தாங்குகிற நிமிர்ந்த இரும்புத் தூணின் அடியில் மரை வெட்டியிருக்கும், அது ஒரு பித்தளை நிறத் துண்டுக்குள் இறங்கியிருக்கும், ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் தூண் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, இ.பி. 90 ஆயில், கியர் பாக்ஸுக்குப் போடுவது. நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் கன்னை எடுப்பது எல்லா சர்வீஸ் ஸ்டேஷனிலும் பழக்கம். கிரீஸ் கட்டிப்போய் மரைக்குள் இறங்காது, மழையில் தண்ணீர் இறங்கும், இரும்பு உள்ளுக்குள்ளேயே துரு பிடித்து ஒரு நாள் தூண் முறியும், வீல் மடங்கிப் படுத்துவிடும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கி எடுத்த வண்டி, காசிமேட்டு உப்புக்காற்றில் நிற்கிற வண்டி என்றால் ஆட்டம் இருக்கிறதோ இல்லையோ கழற்றிப் பார்த்துவிடுங்கள். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிரெதிர், மாற்றி வாங்கிவிட்டு மறுபடி கடைக்கு அலையாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். லூசு இருக்கும்போதே அலைன்மென்ட் போடுவது காசைக் கரியாக்குவது. டோ இன், அதாவது முன் வீல் இரண்டும் முன்பக்கம் லேசாக உள்ளே பார்க்கிற அளவு, அதைச் சரி செய்யும்போது இரண்டு பக்க டை ராடையும் சமமாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாகும், உடனே ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்துவிடுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரேக் நடுவில் நிற்காது, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். கடைசியாக லாக் நட்டை இறுக்கினார்களா, காசல் நட்டில், அதாவது பள்ளம் வெட்டிய நட்டில், அது கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னைப் புதுசாகப் போட்டார்களா என்று நீங்களே குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.