விளக்கு அணைந்த பிறகு: டிவி நாடகம் நடத்தும் பாலியல் பாடம்

[திரை: மங்கிய அறை. சன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள்.]

இந்தக் காட்சியை நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள். இருவர் நெருங்கி வருகிறார்கள். வெளியே மழை கொட்டுகிறது. கேமரா மெல்ல நகர்ந்து மேசை விளக்கைக் காட்டும், விளக்கு அணையும். அடுத்த காட்சியில் அந்தப் பெண் வாஷ்பேசினைப் பிடித்தபடி வாந்தி எடுப்பாள். அம்மா வாசலில் நின்று பார்ப்பார். மிச்சத்தைப் பின்னணி இசை சொல்லிவிடும்.

[திரை: விளக்கு அணையும் நொடியில் படம் உறைகிறது.]

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். விளக்குக்கும் வாந்திக்கும் நடுவில் என்ன நடந்தது? படுக்கையைக் காட்டச் சொல்லவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. அவளுக்கு விருப்பம் இருந்ததா? அவன் கேட்டானா? ஆணுறை என்ற சொல் யார் வாயிலாவது வந்ததா? வரவில்லை என்றால், தடுத்தது வெட்கமா, 'நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது' என்ற நினைப்பா? தனிமனிதப் பொறுப்பு என்று எதைச் சொல்கிறோமோ அது முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாடகம் கத்தரி வைப்பதும் சரியாக இங்கேதான்.

கத்தரி வைத்தாலும் பாடம் நடக்கத்தான் செய்கிறது, தப்பான பாடம். ஒரே ஒரு இரவு, கர்ப்பம் நிச்சயம் என்பது அதில் முதலாவது. குழந்தை வேண்டும் என்று முயலும் ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே, ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு தரிக்கும் வாய்ப்பு தோராயமாக நான்கில் ஒன்றுதான். அதற்காக 'ஒரு தடவைதானே' என்று இருந்துவிடவும் முடியாது. முதல் தடவையிலேயே கரு தரிக்கலாம். ஆனால் சீரியலில் வாய்ப்பு என்ற பேச்சே இல்லை, விதி மட்டும்தான். அப்புறம் பால்வினை நோய்கள். சீரியல் உலகத்தில் யாருக்கும் கிளமிடியா வருவதில்லை, கொனோரியா வருவதில்லை. மூளைக்கட்டி, மறதி நோய் எல்லாம் தாராளமாக வரும்.

[திரை: மாடிப்படி ஒன்று, மேலிருந்து கீழாக.]

பொறுப்பு என்ற சொல் நாடகத்தில் விளக்கு அணைந்த பிறகுதான் நுழைகிறது. அதுவும் தண்டனை என்ற பொருளில். அவள் படிப்பு நிற்கும், வீட்டை விட்டு அனுப்பப்படுவாள், சில கதைகளில் உயிரையும் விடுவாள். அவன்? கடைசி எபிசோடில் வந்து 'நான் பொறுப்பேத்துக்கிறேன்' என்பான். அதற்குப் பொருள் கல்யாணம். வன்முறை செய்தவனே அந்த வசனத்தைப் பேசி, அதையும் நல்ல முடிவாகக் காட்டிய கதைகள் இருக்கின்றன. இதில் யார் எதற்குப் பொறுப்பேற்றார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கருவைத் தொடர்வதா வேண்டாமா என்று அவள் முடிவெடுக்க வேண்டிய கட்டம் வரும். அப்போது கதாசிரியருக்குக் கை நடுங்கும். எந்த முடிவெடுத்தாலும் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கோபப்படுவார்கள். அதற்குத்தான் மாடிப்படி. கால் இடறி விழுவாள், கரு கலையும், யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பொறுப்பைப் பற்றிய கதையில், பொறுப்பைக் கைகழுவுவது கதாசிரியர்தான்.

சரி, நாடகம் பார்த்து யாராவது எதையாவது கற்றுக்கொள்கிறார்களா? கற்கிறார்கள். அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

[திரை: 9 – 28 – 16. கீழே: 15 – 61 – 45.]

அமெரிக்க மருத்துவமனைத் தொடரான 'ஈ.ஆர்.' 2000-ல் ஹெச்.பி.வி. என்ற வைரஸைப் பற்றிச் சுருக்கமாகப் பேசியது. உடலுறவால் பரவும் வைரஸ் அது, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது. எபிசோடுக்கு முன், அது என்ன என்று சரியாகச் சொன்ன பார்வையாளர்கள் 9 சதவீதம். ஒளிபரப்பாகி ஒரு வாரத்தில் 28. ஆறு வாரத்தில் 16. கூடியதில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

இன்னொரு மருத்துவமனைத் தொடர், 'கிரேஸ் அனாட்டமி', ஆண்டு 2008. எச்.ஐ.வி. உள்ள ஒரு கர்ப்பிணி வருகிறார். சரியான சிகிச்சை எடுத்தால் குழந்தை தொற்றில்லாமல் பிறக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று அவருக்குத் தெரியவருகிறது. இந்த உண்மையை அறிந்தவர்கள் முன்பு 15 சதவீதம், எபிசோடுக்குப் பிறகு 61, ஆறு வாரம் கழித்தும் 45.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? என் கணிப்பு இது. முதல் கதையில் தகவல் வந்துபோகும் ஒரு விருந்தாளி. இரண்டாவதில் கதையின் அச்சாணியே அதுதான், அந்தப் பெண் கருவைக் கலைப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு உண்மையில் தொங்குகிறது. பாத்திரம் முடிவெடுக்க எது தேவைப்பட்டதோ, அது பார்ப்பவர் நினைவிலும் தங்குகிறது. டாக்டர் வேடத்தில் ஒருவர் வந்து நின்று நீளமாக அறிவுரை சொல்வது? அந்த நேரத்தில் நாம் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருப்போம்.

மெக்ஸிகோவில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சபிதோ இதை 1970-களிலேயே பிடித்துவிட்டார். குடும்பக் கட்டுப்பாட்டை மையமாக வைத்து 1977-ல் அவர் உருவாக்கிய 'அகொம்பாஞாமே' தொடரில் உத்தமி, வில்லி என்ற பழைய ஜோடி மட்டும் இல்லை. நடுவில் தயங்குகிற, தடுமாறுகிற, மெல்ல மாறுகிற ஒருத்தி உண்டு. பார்ப்பவர் ஒட்டிக்கொள்வது அவளோடுதான். நம் நாடகங்கள் காணாமல் போக்கியதும் இந்தத் தடுமாறும் பாத்திரத்தைத்தான் என்பேன். ஒன்று கற்புக்கரசி, இல்லையென்றால் கெட்டுப்போனவள்.

[திரை: பிரேசில் வரைபடம், ஒளிபரப்புக் கோபுரங்கள்.]

பிரேசில் கதை இதைவிட விசித்திரம். அங்கே யாரும் பாடம் நடத்தவே இல்லை. 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6.3 குழந்தைகள், 2000-ல் 2.3. நகரமயம், படிப்பு என்று காரணங்கள் பல. ஆனால் குளோபோ தொலைக்காட்சி போய்ச் சேர்ந்த பகுதிகளில் பிறப்பு விகிதம் கூடுதலாகக் குறைந்திருப்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் நாடகங்களில் 50 வயதுக்குக் கீழான முக்கியப் பெண் பாத்திரங்களை எண்ணியபோது 72 சதவீதத்தினருக்குக் குழந்தையே இல்லை, 21 சதவீதத்தினருக்கு ஒன்றே ஒன்று. கதாநாயகிகள் கருத்தடையைப் பற்றி உரை நிகழ்த்தவில்லை. சின்னக் குடும்பத்தோடு சந்தோஷமாக இருந்தார்கள், அவ்வளவுதான். எது சாதாரணம் என்று காட்டுவதில் டிவிக்கு இருக்கும் பலம் அது. அப்படியென்றால், கேட்காமல் தொடுவதைக் காதலாகவும் 'வேண்டாம்' என்பதை நாணமாகவும் காட்டும் நாடகம் எதைச் சாதாரணமாக்குகிறது?

வெப் சீரிஸ் காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019-ல் தொடங்கி நான்கு சீசன் ஓடிய 'செக்ஸ் எஜுகேஷன்' தொடரின் இரண்டாம் சீசனில், கிளமிடியா காற்றில் பரவும் என்று பயந்து ஒரு பள்ளியே முகக்கவசம் மாட்டிக்கொண்டு திரியும். சிரிப்பு வரும், கூடவே அது எப்படிப் பரவும் என்பதும் மண்டையில் ஏறும். அதே சீசனில் பேருந்தில் ஒருவன் ஏமி என்ற பெண்ணிடம் அத்துமீறுகிறான். அதன்பின் அவளால் பேருந்தில் ஏற முடியவில்லை. கடைசியில் தோழிகள் சேர்ந்து வந்து அவளோடு பேருந்தில் ஏறுகிறார்கள். 'நீ ஏன் அந்த உடை போட்டாய்' என்று ஒருத்திகூடக் கேட்பதில்லை. பொறுப்பு யாருடையது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன காட்சிகள் டிவியில் குறைவு. எல்லாப் பாத்திரங்களும் ஏதோ மனநல ஆலோசகர் மாதிரி பேசுவது அந்தத் தொடரில் எனக்குச் சலிப்பூட்டிய விஷயம், அது வேறு.

[திரை: சோபா. ரிமோட் தேடும் கை.]

கடைசியாக, நம் வீட்டுக் கூடம். 2001-ல் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் (நகைச்சுவைத் தொடர்தான், இருந்தாலும் பொருத்தம்) ரேச்சல் கர்ப்பம் என்று ராஸுக்குத் தெரியவரும். ஆணுறை பயன்படுத்தினோமே என்று அவர் அதிர்வார், அது 97 சதவீதம்தான் பலன் தரும் என்பது பதில். உண்மையில், ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓர் ஆண்டில் 100 பெண்களில் சுமார் 2 பேர் கருத்தரிக்கலாம். நிஜ வாழ்க்கையின் அவசரம், மறதி எல்லாம் சேர்ந்தால் சுமார் 13 பேர். இந்த இடைவெளியும் பொறுப்பு சம்பந்தப்பட்டதுதான்.

அந்த எபிசோடைப் பார்த்த 12 முதல் 17 வயதினரை ராண்ட் ஆய்வு நிறுவனம் விசாரித்தது. பத்தில் ஒருவர் அதையொட்டி ஆணுறையைப் பற்றிப் பெரியவர் ஒருவரிடம் பேசியிருந்தார். ஆணுறை பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டதாகச் சொன்னவர்களின் விகிதம், பேசாதவர்களைவிடப் பேசியவர்களில் இரண்டு மடங்குக்கும் மேல்.

மீதி ஒன்பது பேர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. விளக்கு அணையும் காட்சி வந்ததும் அப்பா ரிமோட்டைத் தேடுவார், அம்மாவுக்கு அடுப்படியில் திடீர் வேலை வரும், பிள்ளை போனைப் பார்ப்பது போல் நடிக்கும். அடுத்த தடவை ரிமோட்டை எடுக்காமல், 'இவன் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும்.