பெயிண்டரண்ணனும் டிராயிங் மாஸ்டரும்

(ஊர் நூலக வாசகர்கள் நடத்திய பாராட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்த மில் முதலாளி அவர்களே! (கரண்ட் பில்லும் அவரே கட்டுகிறாராம், இப்போதுதான் காதில் சொன்னார்கள். அதற்கும் சேர்த்து நன்றி.) பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, லாரி உரிமையாளர் சங்கத்துப் பெரியவர்களே, நூலகர் அம்மா அவர்களே! முன்வரிசையில் இடம் கிடைக்காமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மாமா அவர்களே! அவர் பெயரை விட்டுவிட்டால் நாளைக்கு நான் ஊருக்குள் நடமாட முடியாது.

விழா நாயகர் எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறார். "எம்பேரச் சொல்லிப் புகழ்ந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேனுங்க" என்றார். சரி, சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியவும் தெரியாது. இந்த ஊருக்கு அவர் பெயிண்டரண்ணன்தான்.

மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அவருடைய தொழில். இரண்டு, அவருக்கு வழிகாட்டியவர்கள். மூன்று, அவருடைய நிறங்கள். மூன்றாவதுதான் ருசியான பகுதி.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நான் எங்கே பேசினாலும் இந்தப் பழமொழி வந்துவிடும். கண் சிகிச்சை முகாமில்கூடச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உண்மையிலேயே சித்திரம் எழுதுகிறவர் கிடைத்திருக்கிறார், விடுவேனா?

பெயிண்டரண்ணன் தொழிலுக்கு வந்தது நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில். முதல் வேலை, டர்பன்டைனில் பிரஷ் கழுவுவது. அப்புறம் பின்பக்கப் பலகையில் 'ஹாரன் அடி' எழுதினார். அது கைக்கு வந்த பிறகு தாமரை, மயில், கழுகு. நூல் பிடித்துக் கோடு போட்டு எழுத்தை நிறுத்துவதை அங்கேதான் கற்றார். பிறகு சேலத்துக்குப் போய் சினிமா பேனர் வரைந்தார். கையகல ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் ஆள் உயரத்துக்கு இழுத்து, கதாநாயகன் கன்னத்தில் ரோஸும் பச்சையும் குழைத்து அடிப்பார். பக்கத்தில் நின்று பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் அசல் ஹீரோ. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் அரை மணி நேரத்தில் படம். அண்ணன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். அரிசி மில் போர்டு, தேர்தல் சின்னம், பள்ளிக்கூடத்துத் திருவள்ளுவர், கோயில் சுதைக்கு வர்ணம், எல்லாம் அவர் கைதான்.

கோயில் என்றதும் அந்தக் கருப்பராயன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. மேற்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கருப்பராயனுக்குப் புது வர்ணம் அடிக்க அண்ணனைக் கூப்பிட்டார்கள். சாமிக்கு எல்லாம் அமைந்துவிட்டது, மீசை மட்டும் அமையவில்லை. மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தார். ஊர்ப் பெரியவர், "என்னுங் பெயிண்டரே, சாமி காவலுக்கு நிக்குதா, கல்யாணத்துக்கு நிக்குதா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது சில்லறை கொடுக்கிற கண்டக்டரைப் பார்த்தார். அடேயப்பா, அப்படி ஒரு மீசை! இரண்டு பக்கமும் மேலே ஏறி, காதைத் தொடலாமா வேண்டாமா என்று நிற்கிறது. மறுநாள் அதை அப்படியே கொண்டுபோய்ச் சாமிக்கு வைத்துவிட்டார். மீசைக்குத் தோதாக முகமும் கொஞ்சம் கண்டக்டர் சாயலுக்குப் போய்விட்டது.

கும்பாபிஷேகம் முடிந்தது, எல்லோருக்கும் திருப்தி. அடுத்த நாள் காலையில் பஸ் வந்தது. ஒரு ஆத்தா படியில் கால் வைத்தவர் கண்டக்டரைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த ஆத்தாவும் போட்டுக்கொண்டார். "டிக்கெட், டிக்கெட்" என்றால் காசை இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள். ஒரு தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, மழை எப்பங்க?" என்று கேட்டாராம். கண்டக்டருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மீசையை மழித்துக்கொண்டு வந்தார். ஊரே பஸ்ஸை மறித்துக்கொண்டது. "ஏப்பா, சாமி மீசைய யாரக் கேட்டு எடுத்த?" மறுபடி வளர்த்த பிறகுதான் அந்த ஊரில் அவருக்கு நிம்மதி. ரிட்டயர் ஆன பிறகும் நோம்பிக்கு அவருக்குத்தான் முதல் மரியாதை. அவரும் இன்றைக்கு வந்திருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள் என்று பயப்படுகிறார்.

சரி, வழிகாட்டியவர்கள். சலூன் காலண்டரில் கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததாக அண்ணன் சொல்வார். ஆனால் முதல் பெயராக அவர் சொல்வது ஆறாம் வகுப்பு டிராயிங் மாஸ்டரைத்தான். ஒரு நாள் அந்த மாஸ்டர் உடைந்த கலர் சாக்பீஸ் ஒரு டப்பா நிறையக் கொடுத்து, "பள்ளிக்கூடத்துப் பின்சுவர் உனக்கு" என்றாராம். பார்த்தீர்களா, சுவர் இருந்தால்தான் சித்திரம்.

இது நம் சீமைக்குப் பழைய வழக்கம். மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையை உப்புச் சத்தியாகிரகப் பாட்டு எழுதியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் கைதேர்ந்த ஓவியரும்கூட. அதே நாமக்கல்லில் 1919-ல் பிறந்த ஒரு பையன் போட்ட கோடுகளைப் பார்த்துவிட்டு, எழும்பூர் ஓவியப் பள்ளிக்குப் போ என்று தூண்டியவர் அவர்தான். அந்தப் பையன்தான் கோயில் சிற்பங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்த சில்பி. கவிஞர் அன்றைக்குப் பார்க்காமல் போயிருந்தால்?

இப்போது நம் பிள்ளைகள் போடுகிற கோடுகளை யார் பார்க்கிறார்கள்? 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியத்துக்கு ஆள் என்கிறது. அதுவும் பகுதிநேர ஆள். தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு கொஞ்சம் கூட்டினார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்று அவர்கள் எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! மே மாதம் வயிறு லீவு விடுமா? பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் ரோட்டில் உட்கார்ந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பையன் படம் வரைந்தால் "கணக்கு நோட்டைக் கெடுக்கிறான்" என்று அடிக்கிற நாமும் இதில் சேர்த்திதான், பெற்றோர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டிராயிங் மாஸ்டர் என்கிற சுவரை இடித்துப் போட்டுவிட்டு, பெயிண்டரண்ணனுக்குச் சால்வை போடுகிறோம். சுவர் இருந்தால்தானுங்க சித்திரம்!

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. அடுத்து பேரூராட்சித் தலைவர் அம்மா பேச வேண்டும். நிறங்களை அண்ணன் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அவர் ஏற்புரையில் சொல்வார்.

ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று முதலமைச்சருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் நூலகர் அம்மா மேசையில் இருக்கிறது. பேனாவும் அங்கேயே நூல் கட்டி வைத்திருக்கிறது, யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். முதல் கையெழுத்து தன்னுடையது என்று தலைவர் அம்மா தலையாட்டினார்கள். நான் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். நன்றி, வணக்கமுங்க.