கை போகும் வழியே கண்: திரையில் நடனம் கதை சொல்லும் முறை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடனம் எவ்வாறு கதை சொல்கிறது என்பதைப் பற்றிப் பேச அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி. கோலாலம்பூரில் பல ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருபவள் என்ற முறையிலும், இங்கே தயாராகும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கு நடனம் அமைத்துக் கொடுத்தவள் என்ற முறையிலும் இது குறித்து எனக்குத் திடமான கருத்து ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்த பிறகும் கதை முன்பிருந்த இடத்திலேயே நிற்குமானால், அந்த ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கதை சொல்லும் நடனம் என்று நான் ஏற்பதில்லை. ஆட்டத்தின் முடிவில் ஒரு பாத்திரம் புதிதாக எதையாவது அறிந்திருக்க வேண்டும், எதையாவது இழந்திருக்க வேண்டும், அல்லது ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மாற்றம் பார்ப்பவருக்கு வந்து சேர, ஆடுபவரின் திறமையோடு கேமரா நிற்கும் இடமும் படத்தொகுப்பாளர் வெட்டும் இடமும் ஒத்துழைக்க வேண்டும்.

நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கும் சுலோகம் ஒன்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன இலக்கண நூலில் இருக்கிறது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும். கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும். மனம் போன இடத்தில் பாவம், அதாவது வெளிப்படும் உணர்ச்சி, பிறக்கும். பாவம் பிறந்த இடத்தில் ரசம், அதாவது பார்ப்பவர் நுகரும் கலைச்சுவை, பிறக்கும் என்பது அதன் பொருள். மேடையில் இந்த விதியைக் காப்பாற்றுவது ஆடுபவரின் பொறுப்பு. திரையிலோ பார்ப்பவரின் கண்ணுக்குப் பதிலாகக் கேமரா பார்க்கிறது. ஆகவே கை ஒரு பக்கம் போக, கேமரா வேறு பக்கம் திரும்பியிருந்தால், அந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்தது பெரும்பாலும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைகிறது.

நடனம் கதையை நகர்த்துவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி சோழன் முன்னிலையில் ஆடுகிறாள். சிறந்த ஆடல் மகளுக்குத் தரும் தலைக்கோல் என்ற சிறப்பும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு (பழைய எடை அளவு) பொன் பெறும் மாலையும் பரிசாகப் பெறுகிறாள். அந்த மாலை வீதிக்கு வர, கோவலன் அதை வாங்குகிறான். அதன் பிறகு நடப்பவை அனைத்தும் அந்த ஆட்டத்தின் விளைவுகளே. அதே காதையில் இளங்கோவடிகள் அரங்கின் அளவையும் விட்டுவிடவில்லை. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்குச் சொல்கிறார். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் சொல்கிறார். ஒளிப்பதிவாளர்களோடு பேசும்போதெல்லாம் நான் இந்த வரியை எடுத்துச் சொல்வது வழக்கம். ஆடுபவரை எப்படிப் பார்க்க வைப்பது என்பதும் கலையின் ஒரு பகுதி என்று நம் முன்னோர் அப்போதே கருதியிருக்கிறார்கள்.

தமிழ்த் திரைப்படத்துக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘நாம் இருவர்’ படத்தில் குமாரி கமலா, பாரதியாரின் விடுதலைப் பள்ளுக்கு ஆடினார். டி.கே. பட்டம்மாள் பாடிய அந்தப் பாட்டுக்கு வழுவூர் இராமையா பிள்ளை நடனம் அமைத்தார். சுதந்திரம் கிடைத்துவிட்டதாகவே கொண்டாடும் அந்த ஆட்டம், படத்தின் கதையைக் காட்டிலும் ஒரு நாட்டின் கதையைச் சொன்னது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஜெமினியின் ‘சந்திரலேகா’வில் முரசு நடனம் கதையின் அச்சாணியாகவே அமைந்தது. மாபெரும் முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டு அரண்மனையைத் தாக்குகிறார்கள். எஸ்.எஸ். வாசன் அந்தக் காட்சியைப் பிரம்மாண்டத்துக்காக எடுத்தார் என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கு அதில் பெரிதாகத் தோன்றுவது வேறு. அந்த நடனத்தை நீக்கிவிட்டால் கதாநாயகி தப்பிக்க வழியே இல்லை. நீக்க முடியாத நடனம் என்பதே அதன் பெருமை. 1958-இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் போட்டி நடனத்தை இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிறார்கள், அதில் ஓர் ஆடவனுக்காகப் போட்டியிடும் இரு பெண்களின் சினம், வசனத்துக்கு வேலையில்லாமல், கால்களிலேயே வெளிப்படுகிறது.

எனினும் நான் மாணவிகளுக்கு மீண்டும் மீண்டும் காட்டுவது 1968-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் வரும் ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மமென்ன’ என்ற பாடல் காட்சியைத்தான். மோகனா சபையில் ஆடுகிறாள். அவள் மனத்தில் இருக்கும் நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரம் தூணுக்குப் பின்னே மறைந்து நின்று அவளைப் பார்க்கிறார். தாயாரும் சுற்றமும் சபையும் கூடியிருக்கும் இடத்தில் அவள் தன் மனத்தைத் திறந்து பேச முடியாது. ஆகவே தெய்வத்தை நோக்கிப் பாடுவதுபோல் அமைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு ஆடியபடியே, தூணுக்குப் பின்னால் இருப்பவரிடம் பேசுகிறாள். சண்முகன் என்பது முருகனுக்கும் பெயர், அவருக்கும் பெயர். சபை அதைப் பக்தியாகக் கேட்கிறது. அவர் அதைத் தம்மை அழைப்பதாகக் கேட்கிறார்.

இந்த இரட்டைப் பேச்சை நமக்குப் புரிய வைப்பது மோகனாவாக நடித்த பத்மினியின் பார்வையும், அந்தப் பார்வையைத் தொடர்ந்து செல்லும் படத்தொகுப்பும் ஆகும். அவர் கண் ஒரு பக்கம் போகிறது, அடுத்த ஷாட்டில் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜி கணேசனின் முகம் தூணோரத்தில் தெரிகிறது, மறுபடியும் ஆடல், மறுபடியும் அந்த முகம். கை போன இடத்துக்குக் கண் போக வேண்டும் என்ற சுலோகத்தை அங்கே ஒரு படத்தொகுப்பாளர் நிறைவேற்றியிருக்கிறார். பாட்டு முடியும்போது அவள் தன்னைக் கண்டுகொண்டாள் என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், சபைக்கு மட்டும் தெரியாது. இத்தனையும் ஒரு வரி வசனமின்றி நடக்கிறது.

கே. விஸ்வநாத் 1983-இல் இயக்கி, தமிழில் ‘சலங்கை ஒலி’யாக வந்த படத்தில் வேறொரு வகை உண்டு. பத்திரிகை அலுவலகத்தில், ஒரே வரியைப் பரதநாட்டியத்திலும் கதக்கிலும் கதகளியிலும் எப்படிக் காட்டுவது என்று கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் ஆடிக் காட்டுகிறது. நாற்காலி மேசைகளுக்கு நடுவே, ஒப்பனையும் அலங்காரமும் இன்றி நடக்கும் அந்த ஆட்டத்தில், மேடையே கிடைக்காமல் போன ஒரு கலைஞனின் வாழ்க்கை முழுவதும் தெரிகிறது. 1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான ‘மணிச்சித்ரதாழ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஷோபனா ஆடும் தமிழ் வரிகள் கொண்ட பாட்டில், அவள் மனத்துக்குள் இருக்கும் ஒளிமிக்க சபையையும் உண்மையில் அவள் ஆடிக்கொண்டிருக்கும் நிலையையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். மேடையில் ஒரே நேரத்தில் இரண்டு உலகங்களை இவ்வாறு காட்டுவது மிகக் கடினம். இங்கே வெட்டு ஒவ்வொன்றும் நடனத்துக்கு உதவி செய்கிறது. அடிக்கடி வெட்டுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காகவே இந்தக் காட்சியைக் குறிப்பிட்டேன்.

நம் நாட்டுத் திரையுலகுக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் ஷா சகோதரர்களுக்காக மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், பி.என். ராவ், பணி மஜும்தார் போன்ற இந்திய இயக்குநர்கள் முக்கியமானவர்கள். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், பினாங்கின் மைந்தரான பி. ரம்லியைக் கதாநாயகனாக்கி 1950-இல் ‘பக்தி’ படத்தை இயக்கினார். பாட்டையும் ஆட்டத்தையும் கதையோடு பின்னும் இந்திய வழக்கம் இவர்கள் வழியாக மலாய்த் திரைக்கு வந்து, ஜோகெட் முதலான மலாய் ஆடல்களோடு கலந்தது. கிளந்தானின் மக் யோங், ஆடலும் பாடலும் நடிப்பும் சேர்ந்த கதை மரபு என்பதால், இந்த மண்ணின் பார்வையாளர்களுக்கு ஆடிச் சொல்லும் கதை அந்நியமாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும்போது என் மனக்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிக்காக, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளிலிருந்து ‘வருகலாமோ’ என்ற பாடலை என் மாணவி ஒருவருக்கு அமைத்துக் கொடுத்தேன். மாஞ்சி ராகத்தில் அமைந்த அந்தப் பாடலில், தில்லை நடராசரைக் காண வந்த நந்தனார், நான் அருகே வரலாமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி முகத்தில் தொடங்கினாலும் அது உயிரோடு இருப்பது காலில்தான். வலது பாதம் அரை அடி முன்னே போகும். குதிகால் தரையில் படுவதற்குள் நின்றுவிடும். பிறகு அந்தப் பாதம் வந்த வழியே பின்னுக்குப் போகும். உடல் மட்டும் முன்னோக்கிச் சாய்ந்தபடி அங்கேயே இருக்கும். உடல் போக நினைக்கிறது, கால் அஞ்சுகிறது. சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு மனிதரின் கதை முழுவதும் அந்த அரை அடிக்குள் அடங்கியிருக்கிறது. அந்தப் பெண் அதை வாரக்கணக்கில் பயின்றாள்.

ஒளிபரப்பில் அந்த அரை அடி வரவில்லை. பல்லவி மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் திரை நிறைய அவள் முகமே தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும், வெறும் தாளக்கட்டான இடங்களில், கால் சலங்கையை அருகில் காட்டினார்கள். காலில் கதை இருந்தபோது முகத்தையும், கதை இல்லாத இடத்தில் காலையும் காட்டினார்கள் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். முழு உருவமும் தெரியும்படி எடுத்த ஒளிப்பதிவும் கையில் இருந்தது. அதைச் சேர்த்துத் திருத்த முடியுமா என்று கேட்டேன். நேரம் இல்லை என்று பதில் வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. முகத்தில்தான் உணர்ச்சி இருக்கும் என்ற பொதுவான நம்பிக்கையும், நடனம் அமைத்தவரைப் படத்தொகுப்பு அறைக்குள் அழைக்காத வழக்கமும் சேர்ந்து செய்த வேலை அது.

நடனப் போட்டி நிகழ்ச்சிகளில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. ஒரு வரியின் கருத்தைப் பல விதமாக விரித்துக் காட்டும் சஞ்சாரி ஒன்றை ஆடுபவர் தொடங்குவார். அது முடிவதற்குள் நடுவரின் புன்னகையையும், பார்வையாளர் வரிசையில் கண் கலங்கும் தாயாரையும் காட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். அங்கே சொல்லப்படுவது போட்டியாளரின் கதை. அவர் ஆடிச் சொல்ல வந்த கதை கேட்பாரற்றுப் போகிறது. இளம் கலைஞர்களுக்கு மேடை தரும் அந்த நிகழ்ச்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைகள், தாளத்தின் ஒவ்வொரு எட்டு எண்ணிக்கைக்கும் கைதட்டல் வாங்கும்படி ஆடப் பழகிவிடுகிறார்கள் என்பதை வகுப்பில் கண்கூடாகக் காண்கிறேன். ஒரு பாவத்தை மெல்லக் கட்டி எழுப்பும் பொறுமை அவர்களுக்குக் குறைந்து வருவது எனக்கு உண்மையிலேயே கவலை அளிக்கிறது.

கேமரா நடனத்துக்குப் பகை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. மேடை தரவே முடியாத ஒரு வாய்ப்பை அது தருகிறது. பதங்கள் என்னும் காதல் பாடல்களில் நாயகி பெரும்பாலும் தன் தோழியிடம் பேசுகிறாள். மேடையில் அந்தத் தோழியை ஆடுபவர் வெற்று வெளியில் கற்பனை செய்துகொள்ள வேண்டும். திரையில் கேமராவையே தோழி நிற்கும் இடத்தில் வைத்துவிடலாம். அப்போது நாயகியின் முறையீடு நேராக நம்மிடம் வந்துவிடுகிறது. சத்யஜித் ராய் 1976-இல் டி. பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’ என்ற ஆவணப்படத்தில், கடற்கரையில் அந்த அம்மையார் கண்ணனை வா என்று அழைத்து ஆடும் பகுதியைப் பாருங்கள். காற்றில் சேலை பறக்கிறது. கேமரா பெரும்பாலும் பொறுமையாக நின்று பார்க்கிறது. அவர் அழைக்கும் குழந்தை எங்கே இருக்கிறான், எப்போது அருகில் வருகிறான் என்பது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடனத்துக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸின் நுண்கலைக் கோயிலும், ரம்லி இப்ராஹிம் உருவாக்கிய சூத்ரா நடன அமைப்பும் 1980-களின் தொடக்கத்திலிருந்து கலைஞர்களை உருவாக்கி வருகின்றன. சிறிய வகுப்புகள் வட்டாரந்தோறும் இருக்கின்றன. உள்ளூர்த் தமிழ் நாடகங்களையும் குறும்படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் எடுக்கும் இளைஞர்களும் நிறைய இருக்கிறார்கள். இவ்விரு தரப்பினரும் படப்பிடிப்பு நாளன்று காலையில்தான் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள் என்பதே சிக்கல்.

ஆகவே இயக்குநர்களுக்கு என் வேண்டுகோள் இது. படப்பிடிப்புக்கு ஒரு நாள் முன்னதாகவே ஒத்திகைக்கு வாருங்கள்; கைப்பேசியிலேயே முழு ஆட்டத்தையும் ஒரே ஷாட்டாக எடுத்துக்கொண்டு போங்கள். நடனம் அமைத்தவரோடு உட்கார்ந்து, எந்த வரியில் கதை கையில் இருக்கிறது, எந்த வரியில் கண்ணுக்கு ஏறுகிறது, எந்த வரியில் காலுக்கு இறங்குகிறது என்று பாட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தாளச் சுற்று தொடங்கும் சமத்தில் வெட்டினால் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாமல், அந்த அசைவு தன் பொருளைச் சொல்லி முடித்த இடத்தில் வெட்டுங்கள். ஆட்டப் பகுதியை முடித்து வைக்கும் தீர்மானம் என்ற அடவுக் கோவையின் கடைசிச் சொல் விழுந்து, ஆடுபவர் நிலைகொள்ளும் அந்த நொடியையும் எங்களுக்குக் கொடுங்கள். படத்தொகுப்பு மேசையில் நடன ஆசிரியருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். நடன ஆசிரியர்களும் இதற்கு ஈடாக ஒன்றைச் செய்ய வேண்டும்: மேடைக்கென அமைத்ததை அப்படியே கேமராவின் முன் வைத்துவிடாமல், கேமரா எங்கே நிற்கப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பத் திசையையும் பார்வையையும் மாற்றி அமைக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.