எக்ஸ் என்பது எதன் எண்ணிக்கை?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 6 லிட்டர் சேர்கிறது. இன்னொன்றில் 100 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் சேர்கிறது. எப்போது இரண்டும் சமமாகும்?

பலர் எக்ஸ் பக்கமே போகமாட்டார்கள். சிலர் நிமிடம் நிமிடமாக அட்டவணை போடுவார்கள். சிலர், "வித்தியாசம் 60, நிமிஷத்துக்கு 4 குறையுது, அப்போ 15 நிமிஷம்" என்பார்கள். சமன்பாடு இல்லையென்று இதற்கு மதிப்பெண் குறைப்பது சரியில்லை. 40 + 6 எக்ஸ் = 100 + 2 எக்ஸ் என்று எழுதிச் சுருக்கினாலும் 4 எக்ஸ் = 60 தானே வருகிறது! ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்கணித முன்னோடியான அல்-குவாரிஸ்மியும் சமன்பாடுகளை வார்த்தைகளில்தான் எழுதினார்.

சறுக்கல் எழுத்தில் தொடங்குகிறது. 'ஆசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள்' என்பதைச் சமன்பாடாக்கச் சொன்னால், 'மா = 6 ஆ' என்பதற்குப் பதில் '6 மா = ஆ' என்று எழுதுபவர்கள் ஏராளம். கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. '6 மீ' என்றால் ஆறு மீட்டர் என்று படித்துப் பழகியவர்களுக்கு '6 மா' என்றால் ஆறு மாணவர். எழுத்து அவர்களுக்கு ஆளின் பெயர்ச்சுருக்கம், எண் அல்ல. "10 ஆசிரியர் இருந்தால்?" என்று கேளுங்கள். 60 மாணவர் என்று சரியாகச் சொல்வார்கள். அதை அவர்கள் சமன்பாட்டிலேயே போடச் சொல்லுங்கள்: 6 × 60 = 10. தவறு அங்கேயே தெரிந்துவிடும். 'மா = மாணவர்' என்றல்ல, 'மா = மாணவர்களின் எண்ணிக்கை' என்று முதல் வரியில் முழுதாக எழுத வைப்பது நல்லது.

அடுத்தது சமக்குறி. தொட்டிக் கணக்கைச் சரிபார்க்கையில், '15 × 6 = 90 + 40 = 130' என்று ஒரே ஓட்டமாக எழுதுவார்கள். விடை சரி, வரி தவறு. 15 × 6, 130 ஆகாது. சமக்குறியை 'விடை இதோ' என்று படிப்பவருக்கு, இரு பக்கமும் எக்ஸ் வந்தால் எதைச் செய்வதென்று தெரியாது.

எனவே, உடனே சமன்பாடு கேட்காதீர்கள். முதல் நிமிடத்துக்கு 40 + 6 × 1, இரண்டாவதற்கு 40 + 6 × 2, பத்தாவதற்கு 40 + 6 × 10 என்று, கூட்டிவிடாமல் அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். மாறுகிற இடம் ஒன்றுதான் என்பது கண்ணில் படும். எக்ஸ் அங்கே போய் உட்காரும். 46, 52, 100 என்று விடையை மட்டும் எழுதிவிட்டால், உள்ளே இருந்த அந்த 6 மறைந்துபோகும்.