பூமாலை போட்டு மிரட்டிய கதை

வணக்கம் நேயர்களே. ராணுவத்தைக் காட்டி மிரட்டினால் பேச்சுவார்த்தை மேசையில் காரியம் நடக்குமா என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கும் ரொம்ப நாள் அதே எண்ணம்தான். 1987-இல் எனக்குப் பள்ளிக்கூட வயது, ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத் தெருவே குதூகலப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என்ன செய்தி? இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவு போட்டுவிட்டு வந்தன. ஆபரேஷன் பூமாலை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போகாமல் கொழும்பு தடுத்து வைத்திருந்தது. மே 26 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் விடுதலைப் புலிகளை எதிர்த்து இலங்கை ராணுவம் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று டெல்லி சொல்லிப் பார்த்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூன் 3-ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து 19 படகுகளில் நிவாரணப் பொருட்களை ஏற்றி அனுப்பினார்கள், இலங்கைக் கடற்படை வழியை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் டெல்லியில் இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு வெளியுறவு இணை அமைச்சர் நட்வர் சிங் விஷயத்தைச் சொன்னார்: இன்று சாயங்காலம் எங்கள் விமானங்கள் வருகின்றன, தடுத்தால் நாங்களும் பலத்தைப் பயன்படுத்துவோம். பெங்களூரிலிருந்து ஐந்து ஆன்டனோவ் சரக்கு விமானங்கள் கிளம்பின, காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள், உள்ளே பத்திரிகைக்காரர்கள் வேறு. போட்டது சுமார் 25 டன். குடாநாட்டில் இருந்த லட்சக்கணக்கான மக்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி தேறியிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அன்று வானத்தில் போனது அரிசி மூட்டை மட்டும் இல்லை என்பது கொழும்பில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த மிராஜுக்கு எதிரே நிறுத்த இலங்கையிடம் ஒன்றுமே கிடையாது.

சரி, மிரட்டல் பலித்ததா? உடனடி விளைவை வைத்துப் பார்த்தால் பிரமாதமாகப் பலித்தது. யாழ்ப்பாண நகரத்தை நோக்கிப் போக இருந்த ராணுவம் நின்றது. எண்பது வயதான ஜனாதிபதி ஜெயவர்த்தனா மேற்கு நாடுகளைத் திரும்பிப் பார்த்தார், இந்தியாவை எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் அவரும் இனச் சிக்கலைத் தீர்ப்பதற்கான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விமானம் பறந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை, இந்தியா ஒரு தோட்டாவும் சுடவில்லை. மிரட்டி வழிக்குக் கொண்டுவருவதைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் அவர்களுக்கு நல்லது.

நாம் இன்னொரு நாள் தள்ளிப் பார்ப்போம். ஜூலை 30, ராஜீவுக்கு அணிவகுப்பு மரியாதை. வரிசையில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அவரை ஓங்கி அடித்தான். ராஜீவ் குனிந்ததால் தலை தப்பியது. ஊரடங்குக்கு நடுவில்தான் அந்த ஒப்பந்தமே கையெழுத்தாகியிருந்தது, பிரதமர் பிரேமதாசா அந்தப் பக்கமே வரவில்லை. மிரட்டப்பட்டவர் ஜெயவர்த்தனா, பணிந்ததும் அவர்தான். அவருக்குப் பின்னால் இருந்த சிங்கள மக்கள் அவமானப்பட்டார்கள், அந்தக் கோபத்தை ஜேவிபி என்ற தீவிர இடதுசாரிக் கட்சி அள்ளிக்கொண்டது, அடுத்த இரண்டு வருடம் தெற்கில் நடந்த கொலைகளுக்குக் கணக்கில்லை.

இன்னொரு பக்கம், ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. பிரபாகரனை டெல்லிக்கு அழைத்துப் போய் அசோக் ஹோட்டலில் வைத்திருந்து, ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்றார்கள். அதுவும் ஒரு மிரட்டல்தான், கொஞ்சம் குளிரூட்டப்பட்ட அறையில். ஊருக்குத் திரும்பி ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் கூட்டத்தைப் பார்த்து அவர் பேசியதை ஊன்றிக் கேட்ட எவருக்கும் இது நிலைக்காது என்று தெரிந்திருக்கும். ஒப்பந்தப்படி அமைதி காக்க வந்திருந்த இந்திய ராணுவத்துக்கும் புலிகளுக்கும் அக்டோபர் 10-இல் சண்டை தொடங்கிவிட்டது. சோறு போட வந்தவர்கள் என்று மாலை போட்டு வரவேற்ற அதே ஊரில், அந்த வருடத் தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியச் சிப்பாய்கள் புகுந்து டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று பார்க்காமல் சுட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலேறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்து போயிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் சிலர் கரீபியன் நாடான ஹைட்டியைக் காட்டுவார்கள், நியாயமான கேள்விதான். 1991-இல் அங்கே தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதி அரிஸ்டைடை ஜெனரல் செட்ராஸ் கவிழ்த்தார். மூன்று வருடம் தடை, பேச்சு, கெஞ்சல், எதற்கும் அசையவில்லை. நடுவில், 1993 அக்டோபரில், ஒரு அமெரிக்கக் கப்பல் துறைமுகம் வரை போய், கரையில் கூச்சல் போட்ட சிறு கும்பலைப் பார்த்துத் திரும்பி வந்தது, அதற்கப்புறம் வாஷிங்டன் என்ன சொன்னாலும் அவர்களுக்குப் புலி வருது கதைதான். 1994 செப்டம்பரில் நிஜமாகவே புலி கிளம்பியது. ஜிம்மி கார்ட்டர், காலின் பவல், செனட்டர் சாம் நன் மூவரும் செட்ராஸோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அமெரிக்காவிலிருந்து 60-க்கும் மேற்பட்ட விமானங்களில் பாராசூட் வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான், வீரர்கள் தயாராகிறார்கள் என்று தகவல் தெரிந்து பியாம்பி என்ற இன்னொரு ஜெனரல் அறைக்குள் பதறி ஓடிவந்து பேச்சையே முறிக்கப் பார்த்தார். மிரட்டல் ரொம்ப நிஜமானபோது பேச்சு கிட்டத்தட்ட செத்தே போயிற்று, பாருங்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், விமானங்கள் பாதி வழியில் திரும்பின.

ஆனால் செட்ராஸிடம் கேட்டது என்ன? நாற்காலியை விட்டு இறங்கு, அவ்வளவுதான். அதற்கு ஈடாகப் பொதுமன்னிப்பு, பனாமாவுக்குப் போக விமானம், விட்டுப்போகும் வீடுகளை அமெரிக்க அரசே வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. கொலைகாரக் கும்பலின் தலைவனுக்கு வீட்டு வாடகை! எனக்கு அது இன்றும் ஜீரணமாகவில்லை. ஆனாலும் மிரட்டல் பலித்ததற்கு அந்த வாடகையும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. ஒரு ஆளை இறக்குவது ஒரு மிரட்டலில் நடக்கும். இரண்டு இனம் சேர்ந்து வாழும் ஏற்பாட்டை மேலே மிராஜை நிறுத்தி வைத்து எழுதி வாங்க முடியாது, ஏனென்றால் விமானம் பயமுறுத்துவது கையெழுத்துப் போடுகிறவரை மட்டும்தான்.

அதோடு, பணிந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். லிபியாவை ஆண்ட கடாபி 2003-இல் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். 2011-இல் நேட்டோ விமானங்கள் லிபியாவின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். வட கொரியா இதை அப்போதே வாய்விட்டுச் சொன்னது, பார்த்தீர்களா, ஆயுதத்தைக் கொடுத்தவன் கதியை என்று. இனி அவர்களிடம் எந்தக் கப்பலைக் காட்டி எதைக் கேட்பது?

கொழும்புக்கே திரும்பி வருகிறேன், ஒரு பாக்கி இருக்கிறது. ஒப்பந்தத்தோடு ராஜீவும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்தும் என்று ஒரு வரி இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தொட்டிகள், மொத்தம் 99. ஒரு பகுதி 2003-இல் இந்தியன் ஆயில் கைக்கு வந்தது, பெரும்பகுதி காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. 61 தொட்டிகளுக்குக் கூட்டு நிறுவனம் அமைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2022 ஜனவரியில். அப்போது எந்த விமானமும் பறக்கவில்லை. இலங்கையின் கஜானாவில் டாலர் இல்லை, இந்தியாவிடம் கடன் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.