திரெங்கானு அரண்மனையின் முஸ்ஹஃபுகள்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் திரெங்கானு என்ற சுல்தானகம் இருக்கிறது. மலாய் உலகின் மிக அழகான கையெழுத்துக் குர்ஆன் பிரதிகளை 19ஆம் நூற்றாண்டில் எழுதித் தந்த ஊர் அதுதான். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அந்த முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் பிரதியைத் திறந்தால் எதிரெதிரான இரண்டு பக்கங்களும் சேர்ந்து ஒரே சித்திரமாக நிற்கும். பொன்னும் சிவப்பும் கலந்த சட்டம், அதன் மூன்று வெளிப்பக்கங்களிலும் வளைந்து எழும் கொடி வேலைப்பாடு. தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. சரி, அலங்காரத்தை விடுங்கள். எனக்கு அதைவிட வியப்பு அதன் கணக்கு. பக்கத்துக்கு 15 வரி, குர்ஆனின் 30 பாகங்களில் ஒன்றான ஒரு ஜுஸ்வுக்கு 20 பக்கம். பக்கம் முடியும் இடத்தில் வசனமும் முடியும். துருக்கியர் வழக்கம் இது. மனனம் செய்பவருக்கு எந்த வசனம் பக்கத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கண்ணிலேயே பதிந்துவிடும். எழுதுபவருக்கோ பெரும் சோதனை. எழுத்தை நெருக்கியும் தளர்த்தியும் வரியைச் சரிக்கட்ட வேண்டும், ஆனால் அது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது.

இப்படி 30 ஜுஸ்வு. தாள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும், பொன் வேண்டும், வேலை முடியும்வரை எழுதுபவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இத்தனையையும் தாங்க அரண்மனையால் முடிந்தது.

ஆனாலும் பெரும்பாலான பிரதிகளில் எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, சுல்தான் பெயர்கூட இல்லை. தாளையும் பொன்னையும் கைத்திறனையும் பார்த்துத்தான் 'இது அரண்மனை வேலை' என்கிறோம். அதனால் பெயரோடு ஒன்று கிடைத்தால் மனம் துள்ளுகிறது. அப்படி ஒன்று திரெங்கானுவுக்கு வெளியே, இன்றைய இந்தோனேசியாவின் தெற்குச் சுலவேசியில் உண்டு. அங்கே போனே என்ற அரசின் சுல்தான் அஹ்மத் அஸ்ஸாலிஹ் காலத்தில், மக்காஸர்க்காரரான இஸ்மாயீல் பின் அப்துல்லாஹ் ஒரு முஸ்ஹஃபை எழுதி முடித்தார். ஹிஜ்ரி 1219 ரமலான் 25, அதாவது 1804 டிசம்பர் இறுதி. நோன்பு நாட்களில் கடைசி வரியை எழுதிய அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். இன்று அது டொராண்டோவில், ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் அச்சு வந்தது. 1848இலேயே சுமத்ராவின் பலெம்பாங்கில் கல்லச்சில் குர்ஆன் அச்சிட்டார்கள். பம்பாயிலிருந்தும் அச்சுப் பிரதிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அரண்மனைகளுக்கு எழுதுபவர்களின் தேவை குறைந்துபோனது.

இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் பக்கம் போனால் பெஞெங்காட் தீவின் மஞ்சள் பள்ளிவாசலுக்கு அவசியம் போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முஸ்ஹஃப் திறந்தே இருக்கும். எழுதியவர் அந்தத் தீவுக்காரர். அரசு அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. திரும்பி வந்தவரை ஊர் 'அப்துர்ரஹ்மான் ஸ்தம்பூல்' என்றே அழைத்தது; ஸ்தம்பூல் என்றால் இஸ்தான்புல். அதைவிடப் பழையது ஒன்றும் அங்கே உண்டு, 1752இல் எழுதியது. தாள் நைந்துவிட்டதால் அதை வெளியே எடுப்பதில்லை.