மணிக்குப் பதில் ஒரு சிவப்பு அட்டை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'ஆட்டிசம் உள்ள குழந்தையின் வாழ்வை மாற்றுவது பெற்றோர் வீட்டில் தரும் பயிற்சியா, வெளியே எழுப்பும் உரிமைக்குரலா?' என்பது தலைப்பு. ஆட்டிசம் என்பது, பிறரோடு பேசிப் பழகுவதிலும் ஒலி, தொடுதல் போன்றவற்றை உணர்வதிலும் மூளை வேறுவிதமாக இயங்கும் நிலை. உரிமைக்குரலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஐயா, "பிள்ளை மடி தேடும் நேரத்தில் தாய் மைக் தேடலாமா?" என்று கேட்டுப் பலத்த கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். நள்ளிரவில் என்னை எழுப்பி உட்காரவைக்கிற கேள்வி அது. தந்தையரிடம் இதை யாரும் கேட்பதில்லை என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த மேடையில் நேரம் முடிந்தால் மணி அடிப்பது வழக்கம். இன்று நடுவர் கையில் மணி இல்லை, சிவப்பு அட்டை இருக்கிறது. காரணம் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், காதுக்கவசத்தோடு உட்கார்ந்திருக்கிறான். என் மகன், 12 வயது. அவனைப் பற்றிப் பேசலாமா என்று நேற்றே கேட்டேன். தன் கைக்கணினியில் 'சரி' என்ற படத்தைத் தொட்டான். பிறகு 'சீக்கிரம்' என்ற படத்தையும் தொட்டான்.

மணியோசை அவனுக்கு வெறும் ஓசையல்ல, வலி. அதற்குப் பழக்க வீட்டில் 2 ஆண்டுகள் முயன்றோம். பதிவு செய்த மணியோசையை முதலில் மெல்லிதாக, பிறகு கொஞ்சம் கூட்டி, இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்கவைத்தோம். மணி கேட்டால் எழுந்து ஓடியவன், நாளடைவில் உட்கார்ந்த இடத்திலேயே தன் முன்கையைக் கடித்துக்கொள்ளப் பழகினான். அதைப் பார்த்து நான் நோட்டில் எழுதினேன்: 'இன்று அமைதியாக இருந்தான்.' அந்த நோட்டை இன்னும் தூக்கி எறியவில்லை. இந்த விழா அமைப்பாளரிடம் அட்டை கேட்க எனக்கு ஆனது 2 நிமிடம்.

எதிரணியினர் இதைச் சலுகை என்றார்கள். இல்லை ஐயா. தேவைக்கேற்ற நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை.

"அன்பு போதும், வீடு போதும்" என்றும் சொன்னீர்கள். கேட்க இனிக்கிறது. அன்பை அளந்துபார்த்துத் தாய்மாரைக் கூண்டில் ஏற்றிய கதை ஒன்று உண்டு. 1943இல் லியோ கேன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தை மருத்துவ உலகத்தின் கண்முன் நிறுத்தினார். அந்தப் பெற்றோர்களில் பலரிடம் கனிவு குறைவு என்றும் கூடவே குறித்துவைத்தார். அந்தப் பொறி பற்றிக்கொண்டது. 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்று பெயரே வந்துவிட்டது. குழந்தை உளவியல் நூல்கள் எழுதிய புருனோ பெட்டல்ஹைம் போன்றோர் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். தாயின் பாசம் உறைந்துபோனதால் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டதாம்! அந்தத் தாய்மார் வீட்டுக்குள் என்ன செய்து இந்தப் பழியைத் துடைத்திருக்க முடியும்? இன்னும் இறுக்கி அணைத்தா? தொட்டாலே உடல் கூசும் பிள்ளைகளை வைத்துக்கொண்டா?

துடைத்தவர்கள் வெளியே வந்தவர்கள். அமெரிக்க உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. இது வளர்ப்பின் குற்றமல்ல, உடலியல் சார்ந்தது என்று சான்றுகளை அடுக்கி 1964இல் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே பெற்றோரைத் திரட்டிச் சங்கம் கண்டார். பிரிட்டனில் 1962இலேயே பெற்றோர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் லோர்னா விங். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். ஆட்டிசத்தை, ஆளுக்கு ஆள் அளவும் விதமும் மாறும் ஒரு நிறமாலையாக நாம் இன்று பார்க்கிறோமே, அதற்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் அவர். கடைசியில், 1969இல், அதே கேன்னர் அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் நின்று, பெற்றோரான உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்றார். 26 ஆண்டுகள் கழித்து வந்த விடுதலை! அது வந்து சேர்ந்த இடம் எது, நடுவர் அவர்களே? வீட்டுக் கூடமா, சங்கக் கூட்டமா?

என் வீட்டுக்கே வருகிறேன். என் மகன் பயந்தால் பஸ்ஸில் கேட்ட அறிவிப்பைச் சொல்வான்: "அடுத்த நிறுத்தம். இறங்குபவர்கள் கதவருகே வரவும்." கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கத்தை எக்கோலாலியா என்பார்கள். எங்களுக்கு அதன் பொருள் தெரியும்: 'என்னை இங்கிருந்து கூட்டிப்போ.' பள்ளியிலிருந்து குறிப்பு வந்தது. "வகுப்பில் சம்பந்தமில்லாமல் பேசுகிறான். வீட்டில் கண்டிக்கவும்." பாருங்கள், எதிரணியின் வாதம் முழுவதும் அந்தக் கடைசி இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது.

நான் கண்டிக்கவில்லை, பள்ளிக்குப் போனேன். முதல் முறை ஆளில்லை, இரண்டாம் முறை நேரமில்லை. மூன்றாம் முறை ஆசிரியர் கூட்டத்தில் 10 நிமிடம் கிடைத்தது. அவன் எதைச் சொன்னால் என்ன பொருள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். சில நாளில் பக்கத்து இருக்கைப் பையனே எழுந்து நின்று, "மிஸ், இவனுக்கு நிறுத்தம் வந்துவிட்டது" என்று சொல்லத் தொடங்கிவிட்டான். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறரைப் புரியவில்லை என்பது பாதிதான், பிறருக்கும் அவர்களைப் புரியவில்லை என்று 2012இல் எழுதினார் டேமியன் மில்டன். அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். அந்த மறுபாதியை நான் என் வீட்டில் பயிற்சி கொடுத்துத் தீர்க்க முடியுமா?

எதிரணிக்கு ஓரிடத்தில் தலைவணங்குகிறேன். பிள்ளை தரையில் உருண்டு அழுவதைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டிவிட்டு, அதை விழிப்புணர்வு என்பவர்கள் எங்கள் அணி அல்ல. 1993இலேயே ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர், எங்களை நினைத்துத் துக்கம் காக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார். பிள்ளைக்காகப் பேசும் வாய், பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

இன்னொன்றுக்கு என்னிடம் பதிலே இல்லை. என் மகளின் பள்ளி நாடகத்துக்கு நான் போகவில்லை. அன்று தம்பிக்கான மனுவோடு ஓர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் மரமாக நடித்தாளாம். வசனம் இல்லாத வேடம்தானே, பரவாயில்லை அம்மா என்றாள். ஒருத்தி தனியாகத் தட்டும் கதவு திறக்க நாளாகிறது. கூட நாலு பேர் தட்டியிருந்தால் அந்த நாடகத்தை நான் பார்த்திருப்பேன். வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்லும் நண்பர்கள், அந்த நாலு பேரையும் அல்லவா உள்ளே இருக்கச் சொல்கிறார்கள்?

இதோ, சிவப்பு அட்டை உயர்ந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து "அடுத்த நிறுத்தம்" என்று ஒரு குரலும் கேட்கிறது. நடுவர் அவர்களே, நான் இறங்க வேண்டும்.